சான்றுப்பொருள்: செங்கல் ஒன்று

வாழைச்சேனைக் கோட்டில் என்னை முதலியார் என்பார்கள்.
பெண்ணென்றாலும் முதலியார்தான். பதவி பழையது.
சிங்களத்தில் வருவதைத் தமிழில் விடுவது,
தமிழில் வருவதைச் சிங்களத்தில் விடுவது,
இடையில் எதையும் வைத்துக்கொள்ளாமல்.

அன்று பன்னிரண்டாவது வழக்கு.
மூத்ததம்பி யோகநாயகம், வயது ஐம்பத்தொன்று.
கிரானுக்கு அப்பால், கல்லூண்டிமேட்டில்,
அரச காணியிலுள்ள தொல்பொருட் சின்னத்துக்குச்
சேதம் விளைவித்தமை.

"கக்கூசிக் குழிதான் ஐயா வெட்டின.
வீட்டுத்திட்டத்தில சொன்ன ஆறடி.
நாலாமடியில மம்பெட்டி டங்கெண்டிச்சி.
மறுகாப் பாத்தா, கல்லு."

டங்கெண்டிச்சி.
ஒரு கணம் நின்றேன்.
சத்தம் கேட்டது என்று மாற்றினேன்.

சட்டம் வாசித்தார்கள்.
ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்து மார்ச் இரண்டாம் திகதிக்கு
முற்பட்டது எதுவோ அது தொல்பொருள்.
மண்ணுக்குள் இருக்கும்வரை அது அரசின் சொத்து.
திகதியைப் பிழையில்லாமல் சொன்னேன்.
சொல்லும்போதே மனம் வேறெங்கோ போனது:
முதலாந் திகதி சூளைக்குப் போன பானை அரசுக்கு.
மூன்றாந் திகதி போனது
உடைத்தவனுக்கு.
இரண்டாந் திகதி அந்தப் பானைக்காரன் என்ன செய்தானோ,
மழை பெய்ததோ.

"அப்ப கிரவல் ஏத்தினவனுகள்?"
யோகநாயகம் கேட்டார், யாரிடம் என்றில்லாமல்.
அதையும் மாற்றினேன்.
பதிவுக்கு வேண்டாம் என்றார் நீதவான்.

மேட்டின் மேற்குப் பாதி
பிரதான றோட்டுக்குக் கீழே கிடக்கிறது.
நாங்கள் எல்லாரும் அதன்மேல்தான் கோட்டுக்கு வந்தோம்.
டிப்பர்கள் அள்ளிய காலத்தில் எல்லைக்கல் இல்லை.
கல் நட்டது போன ஆவணியில்.
மஞ்சள் எழுத்து, மூன்று மொழி,
தமிழில் மட்டும் 'தொல்பெருள்'.
பிழையென்றாலும்
அந்தக் கல் பத்து வருடம் முந்தி வந்திருக்கலாம்.
இதை நான் கல்லூண்டிமேட்டில் நின்று சொல்லமாட்டேன்.

தொல்பொருள் உத்தியோகத்தர் வீரக்கோன்
செங்கல்லைத் தன் துவாயில் சுற்றி
மோட்டார் சைக்கிளில், முட்டைத் தட்டுக் கொண்டுவருபவர் போல
மெதுவாகக் கொண்டுவந்திருந்தார்.
உமி கலந்த மண். சூளையில் சுட்டது. ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.
கட்டியது யார் என்று கேட்டார் சட்டத்தரணி.
"தெரியாது."

எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சொல்!
இந்த மேட்டுக்கு இரண்டு கொடியோடு
இரண்டு கூட்டம் வந்துபோயிருக்கிறது.
தெரியாது என்று ஒருவரும் சொன்னதில்லை.
நான் அதைக் கொஞ்சம் சத்தமாகவே மாற்றினேன்.

கல்லைத் திருப்பச் சொன்னார் நீதவான்.
அடியில், ஓர் ஓரத்தில்,
பிளந்த குளம்பு ஒன்று.
ஆட்டுக்குட்டி.
ஈரக்கல் காயப்போட்ட வெயிலில்
ஏறி மிதித்துப் போயிருக்கிறது.

பொலிஸ் சார்ஜன் எட்டிப் பார்த்தார்.
சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றினார்.
கூண்டிலிருந்து குனிந்த யோகநாயகம்,
தன்னை அறியாமல்,
"ஊஸ்! போ!" என்றார்.

வீரக்கோன்தான் முதலில் சிரித்தது.
நீதவான் என்னைப் பார்த்தார்.
சந்தேகநபர் என்ன சொன்னார்?

இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை
எனக்கு வேலை இருக்கவில்லை.
"ஆட்டை விரட்டினார், ஐயா."

சரீரப் பிணை. அடுத்த தவணை ஐப்பசி பதினாறு.
அதுவரை குழியை மூடவும் கூடாது, தோண்டவும் கூடாது.
அதுவரை அவர் மனைவியும் இரண்டு குமரும்
விடியமுன் பற்றைக்குள் போய்வருவார்கள்.
இது எந்த மொழியிலும் பதிவில் இல்லை.

செங்கல்லைப் பொலித்தீனில் போட்டு இலக்கம் எழுதி
அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள்,
கசிப்புக் கான்களுக்குப் பக்கத்தில்.

பின்னேரம் பஸ் அந்த றோட்டில் ஏறியபோது
கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டேன்,
விசரி மாதிரி,
கொஞ்சத் தூரம்.